நூறு வாட் வெளிச்சம்

“இத எடுத்துக்குங்க நானா. வீட்டுல வேணாங்குறா” என்று லோகேஸ்வரன் பல்பைக் கண்ணாடி மேசையில் வைத்தான். அதன் அட்டைப்பெட்டிகூடக் கசங்கவில்லை.

ரத்தோட்டையில் மின்சாமான் கடை வைத்திருக்கும், எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் லாபிருக்கு முகம் சுண்டிப்போனது. நேற்றுத்தான் வாய் வலிக்கப் பேசி இவனிடம் விற்ற பல்ப் அது. தலையை ஆட்டி ஆட்டி வாங்கிவிட்டு மறுநாளே திருப்பிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஹோல்டரில் மாட்டி சுவிட்சைப் போட்டார். கடை முழுக்கப் பளீரென்றது. லோகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எரியிது தானே! இதுல என்ன குத்தம் கண்டாங்க ஒங்க வீட்டுல?”

“குத்தம் ஒண்ணுமில்ல நானா.”

“நூறு வாட் கேட்டதுக்கு நான் பன்னெண்டு வாட் எல்.ஈ.டி. தந்து ஏமாத்திட்டேன்னு நெனச்சாங்களாக்கும். தம்பி, வாட்டுன்னா பல்ப் தின்னுற கரண்ட். வெளிச்சம் வேற. அத லூமன்னு பெட்டியில தனியாப் போட்டிருக்கு, பாருங்க. பழைய நூறு வாட் மஞ்ச பல்ப் எவ்வளவு வெளிச்சம் தருமோ அத இது பன்னெண்டுலயே தருது. பில்லும் கொறையும். நல்லதுக்குத் தானே தந்தேன்?”

சாமான் விற்பதைவிடப் புத்தி சொல்வதில்தான் லாபிருக்கு ருசி. மாத்தளை மாவட்டம் முழுக்க இந்தப் பாடத்தைச் சொல்லித் தீர்க்காமல் ஓயமாட்டார்.

லோகேஸ்வரன் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மண்சரிவைத் தாண்டி நடந்தே வந்திருந்தான். வாகனம் போக அந்தப் பாதை இன்னும் திறக்கவில்லை. முழங்கால்வரை சேறு. கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன.

“வெளிச்சம் நல்லாத்தான் இருந்திச்சு” என்றான் கடைசியில். “சூடுதான் வரல.”

“சூடா?”

“கூடைக்குள்ள துணிய விரிச்சுப் படுக்கவச்சோம். மேல இத தொங்கவிட்டோம். ராத்திரி பூரா நடுங்கிக்கிட்டே கெடந்திச்சு நானா. நாளாகுறதுக்கு முன்னாடியே வந்திருச்சு, ரொம்பச் சின்னது.”

லாபிர் தலையில் அடித்துக்கொண்டார்.

“யா அல்லாஹ்! கோழிக் குஞ்சுக்கா? நேத்தே அதச் சொல்ல ஏலாதா? குஞ்சுக்கு வெளிச்சம் என்னத்துக்கு? பழைய பல்ப் தின்னுற கரண்ட் அநேகமா எல்லாமே சூடாத்தான் போகும். அதுட கொறையே அதுதான். குஞ்சு வளக்கிறவங்களுக்கு அந்தக் கொறதான் வேணும்!”

“லயத்து வீடுகள்ல பெரியவங்க நூறு வாட் பல்ப் வாங்கியான்னுதான் சொல்லி அனுப்புனாங்க. நீங்க ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னீங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்.”

அந்தக் குரலில் கோபமோ குற்றச்சாட்டோ துளியும் இல்லை. சண்டை பிடித்திருந்தால் லாபிரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். இந்தப் பணிவு அவர் மனசைப் பிசைந்தது.

விறுவிறுவென்று உள்ளே போய்ப் பழைய சாமான்களைக் கிளறினார். தேடிய மஞ்சள் பல்ப் ஒன்று அகப்பட்டதும் அவருக்குப் பெரிய ஆறுதல். சட்டை நுனியால் தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இது ஒண்ணுதான் மிச்சம். காசெல்லாம் வேணாம், கொண்டு போங்க. துணியில படாம ஒசரமாத் தொங்கவிடுங்க, இது நெருப்பாச் சுடும். இன்னைக்கு நடுங்காமத் தூங்குதா இல்லையான்னு பாருங்களேன். எத்தன குஞ்சு?”

“ஒண்ணு.”

“ஒரு குஞ்சுக்காகவா இந்தச் சேத்துல நடந்து வந்தீங்க?” சிரித்தபடி லாபிர் பல்பை நீட்டினார்.

லோகேஸ்வரன் வாங்கவில்லை.

“அது குஞ்சு இல்ல நானா, எம் புள்ள. இப்பத்தான் பொதைச்சிட்டு வர்றேன்.”