மத்தியானத்தில் கூவிய சேவல்

ஒரு தோட்டத்துச் சேவலுக்குத் தன் கூவல் ரொம்ப நீளம் என்று பட்டது. "கொக்கரக்கோ என்று தொண்டை கிழியக் கத்துவதெல்லாம் அந்தக் காலம். நாளையிலிருந்து வெறும் 'கோ'தான்" என்றது.

காவல் நாய் பதறி ஓடிவந்தது. "அண்ணே, நீங்க 'கொக்கர'ன்னு ஆரம்பிக்கிறப்பதான் எனக்கு முழிப்பே வருது. விடியிற நேரத்துலதான காட்டுப்பூனை கூண்டுப் பக்கம் வருது?"

"சோதிக்காமல் மாற்ற நான் என்ன மடையனா?"

மத்தியானம் எல்லாரும் தீனி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சேவல் குப்பைமேட்டில் ஏறி 'கோ' என்றது. "இன்னும் தூங்குகிறவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டது. கோழிகள் தலையைத் தூக்கி, இல்லை என்றன. நாயும் முழித்துத்தான் இருந்தது.

"பார்த்தாயா, ஒரு குறை இல்லை."

"நாங்க தூங்குறப்ப ஒரு தடவை கூவிப் பாருங்கண்ணே."

"தூங்குகிறவனிடம் எப்படியடா அபிப்பிராயம் கேட்பது?" என்று சேவல் சலித்துக்கொண்டது.

மறுநாள் விடியலில் சேவல் குப்பைமேட்டில் நின்று நறுக்கென்று 'கோ' என்றது. நாய் புரண்டு படுத்தது. கூண்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. வேலி மேல் காட்டுப்பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று சேவல் அதையே கேட்டது: "புதுக் கூவல் எப்படி?"

"அருமையா இருக்குங்க. யார் சொன்னாலும் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காட்டுப்பூனை இறங்கிக் கூண்டுப் பக்கம் நடந்தது.

சேவலுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.