கழுத்து வைத்தியம்

“இன்னிக்கு என்ன கிழமைம்மா?”

சண்முகவடிவு யோசித்தாள். நேற்றும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள், முந்தாநாளும் போனாள். அதை வைத்துக் கிழமையைப் பிடிக்க முடியவில்லை.

“தெரியலங்க.”

தனுஜா கடதாசியில் ஒரு கோடு போட்டாள். ஹட்டனில் கழுத்து வைத்தியம் பார்க்கும் லோஜன் மாஸ்டரின் உதவியாள் அவள். மாஸ்டர் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுத்தால் மங்கிய மூளையும் தெளிந்துவிடும் என்று மஸ்கெலியா வரைக்கும் பேச்சு. அதைக் காட்டத்தான் வைத்தியத்துக்கு முன்னே ஒரு பரீட்சை, பின்னே ஒரு பரீட்சை.

“பத்து சாமான் பேரு சொன்னேனே, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

“தேங்கா... சீப்பு...” அதோடு வண்டி நின்றுவிட்டது.

கணவன் அழகுமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “பாத்தீங்களா? நல்லாத்தான் இருந்தா. நாலு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டு, எங்கப்பாவக் குளிப்பாட்டி, பொழுதுக்கும் மலையில நின்னு, ராத்திரி அவரு இருமுனா எந்திரிச்சு ஓடி, எல்லாம் இவதான். இப்ப அடுப்புல சோத்த வச்சிட்டு மறந்துர்றா. இருவத்தஞ்சு வருசமா கொழுந்துக் கூடக் கயித்தத் தலையில மாட்டி இழுத்ததுல கழுத்து நரம்பு மடங்கிருச்சுங்க. மூளைக்கு ரத்தம் ஏறல.”

சண்முகவடிவின் அம்மா ஐம்பது வயதில், பெற்ற மகளையே பார்த்து ‘நீ யாரு புள்ள?’ என்று கேட்டவள். இவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு.

தனுஜா அவளை உள்ளறைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தாள். “அசையாம இருங்க. மாஸ்டர் பின்வாசல் வழியா வந்து பாப்பாரு.”

என்ன செய்யப்போகிறாரோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அம்மா, எந்திரிங்க! ஒரு மணித்தியாலம் ஆச்சு, எல்லாம் முடிஞ்சிருக்கும்.” முன்னறையிலிருந்து வந்த தனுஜா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

முன்னறையில் மறுபடியும் பரீட்சை. புதிதாகப் பத்துப் பெயர்கள். ஒன்பதை மளமளவென்று ஒப்பித்தாள். கிழமை செவ்வாய் என்றாள். கேட்காமலே மாமனாரின் கிளினிக் தேதியையும் சொன்னாள். நான் அம்மா மாதிரி ஆகமாட்டேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“சாமி கையிங்க மாஸ்டருக்கு!” அழகுமுத்து உள்ளறைக்கு ஓடினான், நேரில் கும்பிட.

பின்வாசலில், சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு ஒருவர் மூச்சு வாங்க நுழைந்தார். லோஜன் மாஸ்டர்தான்.

“மன்னிச்சிருங்க. மண்ணு சரிஞ்சு ரோட்ட அடைச்சிருச்சு, இப்பத்தான் வந்து சேர்றேன். அந்தம்மாவப் படுக்கச் சொல்லுங்க, கழுத்தப் பாத்துருவோம்.”

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

சண்முகவடிவு யாரும் சொல்லாமலே வந்து கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

“கழுத்து கெடக்கட்டும் மாஸ்டர்,” என்றவள், கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க வீட்டுக்குப் போயி மாமாவப் பாருங்க. நான் இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வர்றேன்.”