நாற்காலியில் ஓர் அன்னம்

“என் நாற்காலியில வாத்தா?”

தொம்மலூர் ஆபீசின் டைரக்டர் அறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, அந்தப் பென்சில் ஸ்கெட்ச்சை விரல் நுனியால் தூக்கிப் பிடித்துக் கேட்டார் சந்திரசேகரன். எதிரே நின்ற டிசைனர் குளோரியாவை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

பழைய டைரக்டர் ரிடையர் ஆனதிலிருந்து இவர்தான் பொறுப்பு டைரக்டர். அந்தப் ‘பொறுப்பு’ எப்போது உதிரும், முழு டைரக்டர் எப்போது ஆவோம் என்று தவம் கிடந்தார் மனுஷர். டைரக்டர் அறைக்குப் புது நாற்காலி செய்ய மும்பை ஹெட் ஆபீசே ஆள் அனுப்பியிருக்கிறது என்றதும் தலைகால் புரியவில்லை. மனைவி கோமளத்துக்கு போன் போட்டு மைசூர்பாகு வாங்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

“வாத்து இல்ல சார், அன்னம். பாலையும் தண்ணியையும் பிரிக்கும்பாங்களே? உக்கார்றவங்க நல்லது கெட்டதைப் பிரிச்சுப் பாக்கணும்னு அர்த்தம்.”

“நல்லாப் பிரிச்சது போ! இங்க அக்கவுன்ட்ஸ்ல மமதான்னு ஒருத்தி இருந்தா. இந்த பில்லு தப்பு, அந்த பில்லு தப்புன்னு பிரிச்சுப் பிரிச்சு எடுத்து என் உயிரை வாங்கினா. மும்பைக்குத் தள்ளிவிட்டப்புறம்தான் எனக்கு நிம்மதி.”

குளோரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

“அழிம்மா. கண்டபேரண்டப் பட்சி போடு. ரெண்டு தலை. ஒண்ணு மும்பையைப் பாக்கும், ஒண்ணு ஸ்டாஃபைப் பாக்கும். அதான் அதிகாரம்!”

“அன்னம்தான் வேணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க சார்...”

“அங்க இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?”

ரப்பரைப் பிடுங்கி அவரே அன்னத்தைத் தேய்த்து அழித்தார். அந்த இடத்தில் அவர் கைப்பட வரைந்த ராஜபட்சி, ஒரே உடம்புக்குள் சண்டை போடும் இரண்டு கோழிகள் மாதிரி இருந்தது. அதைத் தள்ளிப் பிடித்து ரசித்து வேறு பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ஓரத்தில் குறித்திருந்த உயரம் அவர் கண்ணில் பட்டது.

“ஏம்மா, ஸ்கூல் பிள்ளைக்கா நாற்காலி செய்யறே? நான் ஆறடி ஆளு. இதுல உக்காந்தா முட்டி மூக்குல வந்து இடிக்கும். டிசைனர்னு பையை மாட்டிக்கிட்டு வந்துடறீங்க, ஒரு அளவு ஒழுங்கா எடுக்கத் துப்பு இல்ல. யாரோட அளவு இது?”

பேப்பரில் கிடந்த ரப்பர் துகளை ஊதிவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்தாள் குளோரியா.

“மமதா மேடத்தோடது சார். கொஞ்சம் எழுந்திருங்க, ரூமை அளக்கணும்.”