பொடி அறைச் சாவி

"சார், அக்கா என்னை வேலை செய்யவே விடமாட்டேங்கறாங்க."

பேராசிரியர் கணினியிலிருந்து தலையைத் திருப்பினார். எதிரே நின்றவள் அந்த சோலார் செல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒப்பந்த வேலை. அதைப் புதுப்பிக்கிற கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். அவள் 'அக்கா' என்றது குழுவை நடத்தும் மூத்த ஆராய்ச்சியாளரை.

"விவரமா சொல்லும்மா."

"கார்பன் பூச்சு என் வேலை சார். அதுக்குத்தான் என்னை எடுத்தீங்க. ஆறு வாரமா பொடி அறைச் சாவியை அக்காவே வெச்சிருக்காங்க. உள்ளே காலெடுத்து வைக்க விடறதில்ல. 'வெளியே உட்கார்ந்து அளவு எடு, போ'ன்னு துரத்தறாங்க."

விஷயம் சின்னதில்லை. சோலார் செல்லின் பின்பக்கத்தில் தங்கம் பூசுவது அங்கே வழக்கம். அதற்குப் பதிலாகக் கார்பன் நானோகுழாயைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய குழாய்கள். கண்ணுக்கு வெறும் கரிப்பொடி. அதை மை மாதிரி கரைத்து, திட்டுத் திட்டாக இல்லாமல் பூசும் செய்முறை இவள் கண்டுபிடித்தது.

பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். புருவம் சுருங்கியது.

"பொறுப்புங்கற கட்டத்துல பூரா உன் பேருதானே இருக்கு? போன வாரம் பிரமாதமா வந்துச்சே ஒரு செல், அதுகூட உன் பேர்லதான்."

எட்டிப் பார்த்தாள். அக்காவின் கையெழுத்து, இவள் பெயர். ஒரு நாள் விடாமல்.

ஒன்றும் விளங்கவில்லை. வேலையைப் பிடுங்கிக்கொள்கிறவர் பேரை மட்டும் ஏன் விட்டுவைக்கிறார்? நாளைக்கு ஏதாவது தப்பானால் பழியை என் தலையில் கட்டவா? அப்படியென்றால் நல்ல முடிவு வந்த அன்றைக்கும் ஏன்?

அக்காவுக்கு ஆள் போனது. கையுறையைக் கழற்றியபடியே வந்தார்.

"ஏன் இவளை உள்ளே விடறதில்ல?"

அக்கா இவளை ஒருமுறை பார்த்தார். சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டார்.

"இவளுக்குக் கைப்பக்குவம் போதாது சார்."

"போதாதா? செய்முறையே இவளோடது! சரி, அப்புறம் ஏன் பதிவேட்டுல இவ பேரு?"

"எழுதிட்டேன் சார்."

"இதென்ன பதில்? திறமையான பொண்ணை அமுக்கி வைக்கறீங்க. பதினஞ்சு வருஷமா உங்களை எவ்வளவு நம்பினேன்! சாவியை இவகிட்ட குடுங்க. குழுவை இனிமே யார் நடத்தறதுன்னும் நான் யோசிக்கணும்."

 அக்கா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

ஜெயித்தாயிற்று. சந்தோஷம்தான் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடிப்போய் மறித்தாள்.

"கைப்பக்குவம் போதாதுன்னு வாய் கூசாம சொல்றீங்க. உங்க பேரையும் கெடுத்துக்கிட்டு நிக்கறீங்க. நிஜக் காரணத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

அக்கா முன்னும் பின்னும் பார்த்தார்.

"சொல்லியிருந்தா உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க. இங்கே வேற பொண்ணுங்களுக்கு அப்படி ஆகி நான் பார்த்திருக்கேன்."

"என்னத்தைச் சொல்லியிருந்தா? எனக்கு ஒண்ணுமே புரியலக்கா."

"அந்த அறையில காத்தை வெளியே இழுக்கற மெஷின் ரெண்டு மாசமா சரியா இழுக்கல. எழுதி எழுதிக் குடுத்தாச்சு, ஒருத்தரும் வரல. முகமூடியைத் தாண்டி அந்தப் பொடி மூச்சுல ஏறினா, எனக்கு ஒரு ஆளோட போயிடும்."

அக்காவின் குரல் இன்னும் இறங்கியது.

"நீ உள்ளே போனா ரெண்டு உயிரு இல்லையாம்மா?"