ஓபர்மோஸுக்கு ஒரே வண்டி

“உங்களுக்கு ஒதுக்கின கார் இன்னும் திரும்பி வரலை. எடுத்தவங்க மலைப் பாதையில மாட்டிக்கிட்டாங்களாம்” என்றாள் இன்ஸ்ப்ரக் விமான நிலையத்தில் காரை வாடகைக்கு விடும் பெண்.

டோர்பனுக்கு எரிச்சல் வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், பனிச்சறுக்கு பூட்ஸ் நிறைந்த பைகள் என்று ஹாம்பர்க்கிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான்.

“அப்ப வேற கார் கொடுங்க.”

“சனிக்கிழமை சார். எல்லாம் போயிடுச்சு. கடைசி வண்டியை இப்பத்தான் இவருக்குக் கொடுத்தேன்.”

பக்கத்தில் ஒரு பெரியவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ரைமர்ஸ் என்று பெயர். தோளில் சின்னப் பை ஒன்றுதான். சாவி கிடைத்த பிறகும் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

டோர்பனின் மனைவி வீப்கே மெதுவாகக் கேட்டாள். “நீங்க எந்தப் பக்கம் போறீங்க?”

“ஓபர்மோஸ்.”

“நாங்களும் அங்கதான், பனிச்சறுக்குக்கு. எங்களையும் கூட்டிட்டுப் போக முடியுமா?”

ரைமர்ஸ் பிள்ளைகளைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். மறுபடியும் பிள்ளைகளைப் பார்த்தார். கேட்டது தப்போ என்று வீப்கேயே நினைக்க ஆரம்பித்தபோதுதான் சொன்னார்.

“வாங்க.”

“இதைச் சொல்ல இவ்வளவு யோசனையா? காலியா போற வண்டிதானே” என்று முணுமுணுத்தான் டோர்பன்.

ஊரைத் தாண்டியதும் சாலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்த லாரிகூட ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது.

“சார், சறுக்குப் பலகை வாடகைக்குத் தர்ற கடையைச் சாயங்காலம் மூடிடுவான். கொஞ்சம் வேகமா போகலாமா?” என்றான் டோர்பன்.

“போயிடலாம்.”

வேகம் கூடவில்லை.

வழியில் ஒரு காபிக் கடை வந்தது. நிறுத்தினார். இன்னொன்று வந்தது. அங்கேயும் நிறுத்தினார். வாங்கிய காபியைக் குடிக்காமல் ஆற விட்டு, அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

“ஊர்வலம் போறோமா, ஊருக்குப் போறோமா?” என்று திரும்ப வண்டியில் ஏறும்போது மனைவியின் காதில் சொன்னான் டோர்பன்.

“சும்மா இரு. ஓசியில வர்றோம்.”

“நான் வேணா ஓட்டட்டுமா சார்?” என்று முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்டான்.

“என் பேர்ல எடுத்த வண்டி. நானே ஓட்டறேன்.”

டோர்பன் கை நீட்டி ரேடியோவைப் போட்டான். செய்தி தொடங்கும் இசை வந்தது. ரைமர்ஸ் சட்டென்று அணைத்துவிட்டார்.

“பாதை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

“வேணாம்.”

மூத்தவள் ஃபென்யாவுக்கு மட்டும் அவரைப் பிடித்துப்போயிற்று. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“தாத்தா, உங்களுக்குப் பனிச்சறுக்கு வருமா?”

“எனக்கு வராது கண்ணு. என் பையன் நல்லா பண்ணுவான்.”

“அவரும் வர்றாரா?”

“அங்கதான் இருக்கான்.”

கொஞ்ச தூரம் போன பிறகு, யாரும் கேட்காமலே அவர் பேசினார். “நீ கொடி நட்டிருக்கிற பாதையை விட்டுத் தாண்டவே கூடாது. அந்தப் பக்கம் பனி எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. தாண்ட மாட்டேன்னு சொல்லு.”

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஃபென்யா மிரண்டு அம்மாவைப் பார்த்தாள்.

“குழந்தையைப் பயமுறுத்தாதீங்க சார். லீவுக்கு வந்திருக்கோம்” என்றான் டோர்பன்.

“மன்னிச்சுக்கோங்க” என்றார்.

மலை வளைவில் பனி கொட்டத் தொடங்கியது. சக்கரங்கள் வழுக்காமல் இருக்கச் சங்கிலி மாட்ட வேண்டியிருந்தது. ரைமர்ஸ் மண்டியிட்டு உட்கார்ந்தார். கொக்கி கைக்கு அடங்கவே இல்லை. மாட்டுவதும் நழுவ விடுவதுமாக இருந்தார்.

டோர்பன் பொறுமை இழந்தான். “தள்ளுங்க, நான் மாட்டறேன். ஒரு சங்கிலி மாட்டத் தெரியாம மலைக்கு எதுக்கு வர்றீங்க?”

ரைமர்ஸ் எழுந்து நகர்ந்துகொண்டார். சாலையோரம் நின்று மேலே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பி மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. தட்டி விடவில்லை.

ஓபர்மோஸ் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பலகைக் கடை மூடியிருந்தது.

“நினைச்சேன்” என்றான் டோர்பன்.

ஹோட்டல் வாசலில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“நீங்கதானே ரைமர்ஸ்? நான் மலை மீட்புக் குழு. மத்தியானத்துல இருந்து காத்துக்கிட்டிருக்கோம். உங்க...”

ரைமர்ஸ் கையை உயர்த்தித் தடுத்தார்.

பிள்ளைகள் பனியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டே ஹோட்டலை நோக்கி ஓடினார்கள். வீப்கே பின்னால் போனாள். அவர்கள் உள்ளே போய்க் கதவு மூடும்வரை ரைமர்ஸ் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இப்பச் சொல்லுங்க.”

வந்தவர் தொப்பியைக் கழற்றினார். “நேத்து பனி சரிஞ்சதுல புதைஞ்சவரைக் காலையில எடுத்துட்டோம். உங்க பையனாத்தான் இருக்கும்னு போன்லயே சொன்னோமே. தேவாலயத்துல வெச்சிருக்கோம். நீங்க ஒரு தடவை பார்த்து, ஆமான்னு சொல்லணும்.”

டிக்கியிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்த டோர்பனின் கை அப்படியே நின்றது.

“ஐயா...” என்றான். பையைக் கீழே வைத்தான். “நான் என்னென்னவோ பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

ரைமர்ஸ் மூடிய கதவைப் பார்த்தார்.

“எப்படிங்க சொல்றது? பனியில விளையாடணும்னு ஆசையா வந்த பிள்ளைங்க பின்னால உட்கார்ந்திருந்தாங்களே.”