யாருக்கும் சொல்லாத இடம்

"முத்தையன்கிட்ட எங்க எடத்த வித்தது நீதானே?"

காத்தமுத்து கேட்டதும் வெண்மதி கணினியிலிருந்து நிமிர்ந்தாள். தலத்தெருவின் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

காத்தமுத்து பட்டினச்சேரியில் விசைப்படகு வைத்திருப்பவர். கடலுக்கடியில் மீன் கூடும் பாறை எங்கே இருக்கிறது என்பதைக் கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லாத மனிதர். அப்படிப்பட்டவர் வெண்மதி செய்து கொடுத்த ஃபோன் ஆப்பை நம்பி அந்த இடங்களைக் குறித்து வைத்திருந்தார்.

"நேத்து போறேன், நம்ம பாறை மேலயே முத்தையன் படகு நங்கூரம் போட்டு நிக்குது. மொதல்ல எங்க படகு டிரைவர் செந்தில்குமார் மேலதான் சந்தேகம். ஆனா பாவம், இந்த மாசம் அவன் புது எடமெல்லாம் கண்டுபிடிச்சு ஆப்புல குறிச்சு வச்சிருக்கான். போன எடமெல்லாம் நல்ல மீனு. எடத்தப் பத்தி வாய்விட்டுப் பேசறது எங்க வழக்கமில்ல, நானும் கேட்டுக்கல. அவனா காட்டிக் குடுப்பான்?"

முதலாளி மாறனின் பார்வையும் சரியில்லை. "முத்தையனுக்கும் நீதானேம்மா ஆப் போட்டுக் குடுத்தே?"

"ஆமா சார். ஆனா ரெண்டு பேருக்கும் தனித்தனி கன்டெய்னர், சர்வருக்குள்ள பூட்டின தனித்தனி ரூம் மாதிரி. ஒண்ணுலேருந்து இன்னொண்ண எட்டிப் பாக்க முடியாது."

"அப்ப உள்ளாளு வேலைதான்" என்றார் காத்தமுத்து.

வெண்மதி சர்வரைத் திறந்தாள். ஆப் கன்டெய்னருக்குள் ஓடினாலும், தகவல்கள் வெளியே ஒரு ஃபோல்டரில்தான் தங்கும். அந்த ஃபோல்டரைக் கன்டெய்னரோடு இணைத்துவிட வேண்டும், அதைத்தான் மவுண்ட் என்பார்கள். காத்தமுத்துவுக்குச் செய்ததை அப்படியே நகலெடுத்து முத்தையனுக்குப் போட்டவள், ஃபோல்டரின் பெயரை மாற்ற மறந்திருந்தாள்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

"நான் விக்கலைங்கய்யா. ஆனா தப்பு என்னோடதுதான். ரெண்டு கன்டெய்னருக்கும் ஒரே ஃபோல்டர மவுண்ட் பண்ணிட்டேன். நீங்க குறிக்கறது அவருக்குத் தெரியுது, அவரு குறிக்கறது உங்களுக்குத் தெரியுது. இப்பவே பிரிச்சிடுறேன்."

காத்தமுத்து ஃபோனை எடுத்தார். டிரைவர் குறித்ததாக நினைத்திருந்த புது இடங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவசரமில்லம்மா. நாளைக்கு ஒருதரம் கடலுக்குப் போயிட்டு வந்துடுறேன், அப்பறமா பிரிச்சுக்கலாம்."