அப்பாவுக்கும் ஒரு வாழ்த்து

“வாழ்த்துகள் ஐயா. பையனுக்குப் பிறந்தநாள்னா பெத்தவருக்குத்தானே முதல் வாழ்த்து?”

யோஸ்டின் அக்கா கொர்ரி கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் பெரியவரின் மூக்குக்கண்ணாடி நழுவி இறங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் கையை நீட்டிவிட்டார். பிறகு இன்னொருவர். ஆம்ஸ்டர்டாமில் பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டு வாழ்த்து வாங்காமல் யாரும் உட்கார்ந்துவிட முடியாது. பிறந்தநாள்காரனின் அம்மா, அப்பா, மாமியார், நாய் வரைக்கும் வாழ்த்து உண்டு.

இன்றைக்குப் பிறந்தநாள் யோஸ்டின் கணவன் வெஸ்ஸலுக்கு. யோஸ்டும் அவனும் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கே, ‘ரெண்டு ஆம்பளைங்க குடித்தனம் பண்றதா’ என்று பேச்சை முறித்துக்கொண்டவர் வெஸ்ஸலின் அப்பா. மாமனார் முகத்தை யோஸ்ட் பார்த்ததே இல்லை. போன வாரம் வெஸ்ஸலுக்குத் தெரியாமல் அவர் போனில் ஒரு செய்தி விட்டிருந்தான். ‘சனிக்கிழமை அவனுக்கு ஐம்பது. ஒரு வாய் காபி குடிக்க வாங்க.’

பதிலே இல்லை. இன்றைக்கு மணி அடிக்கிறதே என்று கதவைத் திறந்தால், தோளில் பையோடு, “என் பையனைப் பார்க்கணும்…” என்று இழுத்தபடி நிற்கிறார். மேற்கொண்டு யோஸ்ட் பேசவிட்டால்தானே. கோட்டைக் கழற்றி மாட்டி, வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் நல்லதாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டான்.

“வெஸ்ஸல் கேக் வாங்கப் போயிருக்கான் மாமா. பிறந்தநாள்காரன் செலவுதானே. இப்ப வந்துடுவான்.”

மாமா என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பயத்தோடு பார்த்தான். அவர் முறைக்கவில்லை. என்னவோ சொல்ல வந்தவர், அதை விழுங்கிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப தூரத்துலேர்ந்தா?” என்றாள் கொர்ரி.

“படகுல வரேன்மா. பொண்டாட்டி போனப்புறம் வீட்ல இருப்புக் கொள்ளல. ரைன் நதியில ஸ்விட்சர்லாந்து வரைக்கும் போய்ச் சுத்திட்டேன். எல்லா ஊரும் பாத்தாச்சு. இந்த ஊரை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கிட்டே வந்தேன்.”

“ஏன், நாங்க கடிச்சுடுவோமா?”

“எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு தெரு ஜன்னலைப் பார்த்தார். திரை ஒதுக்கியே இருந்தது.

“எங்க ஊர்லயும் திரை போட மாட்டோம். உள்ள தப்பு எதுவும் நடக்கலேன்னு தெருவுக்குக் காட்டணுமே. இங்க எதுக்குப் போடல?”

“இங்க யாரும் எட்டிப் பாக்கிறதில்ல மாமா. அதான்.”

வெளியே கால்வாய் ஓரமாக, சைக்கிளின் முன்பெட்டியில் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேருமே அதற்கு அப்பா. எதிரே வந்தவர்கள் குழந்தைக்குக் கையாட்டிவிட்டுத் தம் வழியில் போனார்கள். பெரியவர் அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல ஊரா இருக்கே,” என்றார். “பயந்து பயந்து வீணா இத்தனை வருஷத்தை விட்டுட்டேன்.”

வெஸ்ஸல் இதைக் கேட்க வேண்டுமே என்று யோஸ்ட் வாசலைப் பார்த்தான்.

சுவருக்கு அப்பால் யாரோ பியானோ வாசிக்கத் தொடங்கினார்கள். ஏதோ சர்ச் பாட்டு. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பாதியில் தடுக்கி நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பெரியவரின் கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது.

“யாரு அது?”

“பக்கத்து வீட்டு லுபெர்ட். சர்ச் பக்கமே போக மாட்டான், ஆனா தினமும் இந்தப் பாட்டுதான். எங்க கல்யாணத்துக்கும் இதையே வாசிச்சு, எல்லார் முன்னாடியும் இதே மாதிரி தடுக்கினான்.”

“நல்ல ஆளா?”

“தங்கம். எனக்குக் காய்ச்சல்னா சூப் கொண்டுவந்து ஊத்துறது அவன்தான்.”

மகனைப் பார்க்கப்போகிற தவிப்பில் பேச்சை எங்கெங்கோ இழுக்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டான் யோஸ்ட். கொர்ரி விடுவதாக இல்லை.

“வெஸ்ஸல் மாதிரி ஒரு பையனைப் பெறக் குடுத்து வச்சிருக்கணும் ஐயா. என் தம்பியை மனுஷனாக்கினதே அவன்தான்.”

பெரியவரின் கண் கலங்கியது. “என் பையனுக்காக எனக்கு யாரும் கைகுடுத்ததில்லம்மா. இன்னைக்குத்தான் குடுக்குறீங்க.”

அந்த நேரம் பார்த்து வெஸ்ஸல் கேக் பெட்டியோடு உள்ளே வந்தான். ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்து, பெரியவர் கையையும் குலுக்கினான்.

“வாங்க, வாங்க. யோஸ்டோட பெரியப்பாவா நீங்க? இவன் சொல்லவே இல்லையே.”

யோஸ்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “வெஸ்ஸல்… இவர் உன் அப்பா இல்லையா?”

“என் அப்பாவா? அவராவது, வர்றதாவது.” வெஸ்ஸல் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

பெரியவர் எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கங்க. நீங்க வெஸ்ஸல்னு பேர் சொன்னதுமே வீடு மாறிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா ஆளாளுக்குப் பையனுக்காக வாழ்த்துச் சொன்னீங்க. எழுந்திருக்க மனசே வரல.”

வெஸ்ஸல் பெட்டியைத் திறந்தான். கேக்கில் முதல் துண்டை வெட்டித் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தான். பிறகு அவர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

“வாங்க, நானே கொண்டுபோய் விடறேன். உங்க பையன் வீடு எது?”

சுவருக்கு அப்பால் பியானோ மறுபடி தடுக்கி நின்றது. பெரியவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“பாட்டுல அந்த இடம் அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வராது.”